பெனிட்டாவின் வயர் ஹெட்செட்

பெனிட்டாவுக்குத் திக்குவாய். தூத்துக்குடி கேமிங் அணியில் எதிரிகள் பதுங்கியிருக்கும் இடத்தைத் திரையில் பார்த்து மற்ற நால்வருக்கும் சொல்வது அவள் வேலை. வயரில்லாத ஹெட்செட் வந்தபிறகு அவள் திக்குவது யாருக்கும் கேட்கவில்லை. முதல் எழுத்தை அவள் உச்சரித்தாலே போதும், மீதியை அது ஊகித்து, அவள் குரலிலேயே பேசிவிடும்.

அரையிறுதியில் அவள் "வராதீங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அவள் "வ..." என்றதுமே ஹெட்செட் "வந்துடுங்க" என்றது. நம்பி வந்த மூன்று பேர் சுடப்பட்டார்கள். மிஞ்சிய இர்பான்தான் எப்படியோ ஆட்டத்தைக் காப்பாற்றினான்.

"ஏன் பெனி எங்கள வரச் சொன்ன?" என்று கேட்டான்.

"நா... நான் சொல்லல."

இறுதி ஆட்டத்துக்கு அவள் எதையும் ஊகிக்கத் தெரியாத பழைய வயர் ஹெட்செட்டோடு வந்தாள். போட்டி நடத்துபவர் தயங்கினார்.

"விதிப்படி தப்பில்லம்மா. ஆனா நீ பேசுறது அரங்கம் முழுக்கக் கேக்கும், கேக்குறவங்களுக்குக் கஷ்டமா இருக்குமே."

"இ... இருக்கட்டும் சார். என் வா... வாயில வர்றத மட்டும் கேக்கட்டும்."

ஆட்டத்தின் நடுவில், கதவுக்குப் பின்னால் எதிரிகள் நிற்பதைக் கண்டாள்.

"வ... வ..."

அரங்கில் சிரிப்பு எழுந்தது. அவள் அவசரப்படவில்லை. நால்வரும் ஓட்டத்தை நிறுத்திக் காத்திருந்தார்கள்.

"வ... வராதீங்க!"

"சரி, வேற எந்தப் பக்கம் வரணும்? பதறாம சொல்லு," என்றான் இர்பான்.

"நா... நான் பதறல. இ... இப்படித்தான் பேசுவேன்."

பிறகு வழியைச் சொன்னாள். அவள் முழுதாகச் சொல்லி முடித்த பிறகே நால்வரும் கிளம்பினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.