அளவு கவுன்

கப்பலின் ஏணியில் பாதி இறங்கும்போதே எல்சி அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டாள்.

அம்மா அவளைக் கண்டுபிடிக்கவில்லை.

சென்னைத் துறைமுகத்தில் அன்று காலை எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். அம்மாவின் கண்கள் இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தன. எல்சியின் மேலும் வந்தன. நிற்காமல் கொஞ்சம் கீழே தேடிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டன.

எல்சி கவுனின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அடையாளத்துக்கென்றுதான் இந்த நீலக் கட்டம் போட்ட கவுனைப் போட்டிருந்தாள். ‘இதைப் போட்டுக்கொண்டு இறங்கு, ஆயிரம் பேரில் உன்னைத் தெரிந்துகொள்வேன்’ என்று அம்மாவேதான் எழுதியிருந்தாள்.

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் எல்சி. ஆறு வயதில் ஸ்காட்லாந்தில், மிஷனரிப் பிள்ளைகளுக்கான விடுதியில் அவளை விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் திரும்ப ராயபுரத்துக்குக் கப்பலேறினார்கள். மூன்று வருஷத்தில் வருகிறோம் என்றார்கள். அதற்குள் யுத்தம் வந்து கடலை அடைத்துக்கொண்டது. மூன்று ஏழானது.

வருஷத்துக்கு ஒரு கவுன் மட்டும் பிறந்தநாளை ஒட்டி எப்படியோ வந்து சேர்ந்துவிடும். ஒன்றே ஒன்று கப்பலோடு முழுகிப்போனது.

அம்மா ராயபுரத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லித்தருகிறவள். கைத்தறிக் கட்டத்துணியை மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, அதன்பிறகுதான் கத்தரி வைப்பாள். ‘இனி ஒரு நூல் சுருங்காது’ என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவாள்.

ஆனால் ஒரு கவுனாவது எல்சிக்குச் சேர்ந்ததா? இல்லை. தோள் ஏறாது, கை எட்டாது, நீளம் போதாது. அம்மாவுக்கு என் உருவமே மறந்துவிட்டது என்று பிறந்தநாள் தவறாமல் அழுதிருக்கிறாள்.

அழுதுவிட்டு, ‘கவுன் கச்சிதமாக இருக்கிறது, நன்றி’ என்று எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை விடுதித் தலைவி கரும்பலகையில் எழுதிப்போடுவாள். பிள்ளைகள் பார்த்து எழுத வேண்டும். ஆண்டவரின் வேலையில் இருக்கும் பெற்றோர் மனம் நோக ஒரு வரி போகக்கூடாது என்பது அங்கே பதினோராவது கட்டளை.

அம்மா பூரித்துப்போய்ப் பதில் போடுவாள். ‘பார்த்தாயா, கண்ணால் காணாமலே உன் அளவு எனக்குத் தெரியும்.’

தரையில் கால் வைத்த எல்சி அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மாவின் பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடை. அம்மாவின் கை அவள் தோளில் இருந்தது.

அவள் போட்டிருந்ததும் இதே கவுன். இதே நீலக் கட்டம், இதே வெள்ளைக் கழுத்துப்பட்டை. தோள் தோளில் உட்கார்ந்திருந்தது. இடுப்பு இடுப்பில் நின்றது. ஓரம் முழங்காலுக்கு நாலு விரல் கீழே இருந்தது.

எல்சி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். முழங்கால் இரண்டும் வெளியே தெரிந்தன.

யார் இவள்? அவளுடைய கவுனையா நான் போட்டிருக்கிறேன்? நான் இல்லாமல் இவர்கள் வேறொரு மகளை வைத்துக்கொண்டார்களா? ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவைத் தேடினாள். அவருக்குக் காத்திவாக்கத்தில் ஒரு ஞானஸ்நானம் இருந்தது, வரவில்லை.

அந்தப் பெண்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் ஓடி வந்தாள்.

“அய்யே, எல்சி பாப்பா! இன்னாமா வளந்துகீறே! ஆயா பொண்ணு ரோசி, தெர்லியா? ரெண்டு பேருக்கும் ஒரே வயசுன்னு தொரசானியம்மா என்னியதான் முக்காலி மேல நிக்க வச்சி அளவெடுப்பாங்க. உனுக்குத் தச்சது அத்தினியும் மொதல்ல நான் போட்டுப் பாத்ததுதான்!”

ஏழு வருஷமாக நாக்கில் வராத தமிழ். ஆனாலும் காது ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டது.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளரும்தான். எவ்வளவு வளரும் என்று யாரும் சொல்வதில்லை.

அம்மா மறக்கவில்லை. இவளைத் தொட்டுத் தொட்டுத்தான் என்னை நினைத்திருக்கிறாள். இதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று எல்சிக்குத் தெரியவில்லை.

ரோசியின் சத்தத்துக்கு அம்மா திரும்பினாள். நீலக் கட்டத்தைக் கண்டதும் பெயரைக் கூவிக்கொண்டு, கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். கைகள் ரோசியின் உயரத்துக்கு விரிந்திருந்தன.

இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள். தையல்காரியின் பார்வை தோளில் தொடங்கியது. மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுபோன கையைப் பார்த்தது. முழங்காலைப் பார்த்தது. முகம் வெளுத்தது.

“எல்லாம் கச்சிதமாக இருக்கிறது என்று எழுதினாயே, எல்சி...”

விரித்த கைகள் கீழே இறங்கத் தொடங்கின.

எல்சி பாய்ந்து அந்தக் கைகளுக்குள் புகுந்துகொண்டாள். கச்சிதமாகத்தான் இருந்தது, கப்பலில் துவைத்தேன், சுருங்கிவிட்டது என்று அம்மாவின் காதருகே சொன்னாள்.

சொன்ன பிறகுதான் அந்த மூன்று நாள் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது.

எல்சி பயந்துபோய் முழங்காலை மெல்ல மடக்கினாள். இன்னும் கொஞ்சம் மடக்கினாள். அம்மாவின் மோவாய் தன் உச்சந்தலையில் வந்து உட்காரும்வரை மடக்கினாள்.

தலைக்கு மேலே அம்மாவின் குரல் கேட்டது.

ஆமாம், இந்தத் துணி சுருங்கும் என்றாள் அம்மா.

எல்சியின் கால்கள் நடுங்கின. அவள் நிமிரவில்லை.