சேர்ந்து வாழ ஒரு தீர்ப்பு

வேனின் பின்கதவைத் திறந்தே வைக்கச் சொன்னான் அவன்.

பெட்டி படுக்கையோடு அவளை ஏற்றிக்கொண்டு மத்தியானத்துக்குள் கோவில்பட்டிக்குத் திரும்பிவிடலாம். வழக்கில் ஜெயித்தாயிற்று. மனைவி கணவனோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது.

உள்ளே போய் அவளை அழைத்து வரும்படி, கூட வந்த கோர்ட் அமீனா திரவியத்திடம் சொன்னான்.

திரவியம் செருப்பைக் கழற்றியபடி பொறுமையாக விளக்கினார். தீர்ப்பை மீறியதற்கு அவள் பொருளை ஜப்தி செய்யலாம். அதிலும் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை இவற்றில் கைவைக்க முடியாது.

"அவங்க கையப் பிடிச்சு இழுக்க எந்தக் கோர்ட்டாலயும் முடியாது அண்ணாச்சி. எதை எழுதணும்னு காட்டுங்க, எழுதிக்கிடுதேன்."

இதை வக்கீலும் சொல்லியிருப்பார். ஜெயித்துவிட்டோம் என்பதற்கு மேல் அவன் காதில் எதுவும் விழுந்திருக்காது.

கதவு திறந்துதான் இருந்தது.

செண்பகவல்லி ஒதுங்கி வழிவிட்டாள். பயந்தவளாகத் தெரியவில்லை. வேலைக்குக் கிளம்பி நின்றாள்.

ஒற்றை அறை.

ஏன் பிரிந்து போனாய் என்று நீதிபதி கேட்டபோது, புருஷன் வீட்டில் தான் ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது என்று சொன்னவள் அவள். அது ஒரு காரணமே இல்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. அவனுக்கும் அப்படித்தான் பட்டது. ஒன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ். தெரியாமல் எப்படி?

எதைக் காட்டலாம் என்று பார்வையை ஓட்டினான்.

அலமாரியில் நார்த்தங்காய் ஊறுகாய். அவன் வீட்டில் எப்போதும் மாங்காய்தான்.

அவளுக்கு இது பிடிக்குமா?

சுவரில் பெரிய உலக வரைபடம். சில ஊர்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். அவன் குனிந்து படித்தான். ஒன்றுகூடக் கேள்விப்பட்ட ஊர் இல்லை.

எதற்காக இந்த ஊர்கள்?

வந்த வேலை மறந்துவிட்டது. யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவனைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். தேய்ந்துபோன சீட்டுக்கட்டு. காதில் மாட்டாத சிவப்புக் கல் கவரிங் தோடு. பாதியில் நிற்கும் பின்னல் வேலை.

கதவுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்.

திரவியம் பேனாவைத் திறந்தார். எழுதத் தக்கது என்று அந்த அறையில் அது ஒன்றுதான் இருந்தது.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

கேள்வி தன்னிடம்தானா என்று அவள் ஒரு கணம் யோசித்தது போலிருந்தது.

"எட்டாப்பு படிக்கையிலேயே தெரியும்."

திரவியம் காத்திருந்தார். "எழுதிரவா அண்ணாச்சி?"

அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

ஜப்தி செய்யத் தக்க பொருள் எதுவும் இல்லை என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார் திரவியம். வேலைக்கு நேரமாகிறது என்றாள் அவள். இருவரும் வெளியே வந்தார்கள். அவள் சைக்கிளை இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

அடுத்த வாய்தாவில் வேறு வழி ஏதும் உண்டா என்று வக்கீலைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார் திரவியம்.

"நான் வரலன்னா?"

"மனு தள்ளுபடி ஆயிரும்."

கொசுவத்தை இடதுகையால் ஒதுக்கிப் பிடித்து, ஒரு உந்து உந்தி ஏறி உட்கார்ந்தாள் அவள். பஜார் பக்கம் போவாள் என்று நினைத்தான். எதிர்ப்பக்கம் போனாள். அங்கே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

தெருமுனையில் ஒரு லாரி வந்தது. அவன் தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தான்.

அவள் ஒரு கையை எடுத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டே வளைந்து திரும்பினாள்.

சைக்கிள் ஆடவே இல்லை.