தொண்ணூற்றாறு சதவீதம்

துறைமுகத்தில் பதினோரு வருடமாக ஜெசிந்தாவுக்கு ஒரே வேலைதான். எந்தச் சரக்குப் பெட்டகம் எந்தக் கப்பலுக்கு என்று இயந்திரம் முடிவு செய்யும். திரையில் அந்த முடிவின் கீழே அவள் 'சரி' என்று அழுத்துவாள். அது ஒரு தடவைகூடத் தப்பு செய்ததில்லை. தப்பு செய்ய அவளுக்கும் வாய்ப்பு வந்ததில்லை.

ஐம்பது வயதில், பொழுதுபோக்காகக் கணினி நிரல் எழுதப் பழக ஆசைப்பட்டாள். எந்த மொழியில் தொடங்கலாம் என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரக் குரலிடம் கேட்டாள்.

"எதுல வேணும்னாலும் தொடங்கலாம். நீங்க தப்பா எழுதினாலும் நானே திருத்திடுவேன்."

"நீ திருத்த முடியாத மொழி எது?"

கேட்டவுடன் பதில் சொல்லும் குரல் அன்று கொஞ்சம் தயங்கியது. பிறகு, யாரும் தொடாத பழைய மொழி ஒன்றின் பெயரைச் சொன்னது.

மூன்று வாரம் மல்லுக்கட்டி நான்கு வரி எழுதினாள். தண்ணீர்த் தொட்டி நூறு சதவீதம் நிறைந்ததும் மோட்டார் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிறு பூசை முடிந்து திரும்பினால், மாடியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கணவர் லியோன் ஓடிப்போய் மோட்டாரை அணைத்தார். ஜெசிந்தா மாடியேறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நிரம்பினால் வழிகிற குழாய், உள்ளே குறித்திருந்த அளவில் தொண்ணூற்றாறு சதவீதத்திலேயே இருந்தது. தண்ணீர் நூறைத் தொடவே தொடாது. இத்தனை வருடத்தில் அவள் அந்தத் தொட்டியைத் திறந்து பார்த்ததே இல்லை.

"வீட்டுக்கிட்ட சொல்லு, ஒரு நொடியில வேற எழுதிரும்," என்றார் லியோன்.

"யாரும் தொடப்புடாது," என்றாள் நனைந்த சேலையோடு. அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "இது நான் பண்ணுன தப்பு."