என் பேர்ல ஒரு கேஸ்

“அப்பா, உங்க ஊர்ல பிளேன் இறங்க மட்டும்தான் செய்யுமா? கிளம்பவே கிளம்பாதா?”

ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது மகள் விஜி போனில் கேட்டது. இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். போன வெள்ளிக்கிழமை பேசியபோது, எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்கவே இல்லை.

அந்தக் கேட்காத கேள்விதான் இன்று காலை அம்மையப்பனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமா மலையடிவாரத்தில், கல்குவாரி லாரிகள் போகும் சாலையோரம் ஒரு சின்னப் போலீஸ் ஸ்டேஷன். கையில் துணிப்பை. அதில் இரண்டு செட் துணி, துண்டு, பிரஷ், ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய்.

“ஜெயிலுக்கு ஊறுகாயோட போறவனை இப்பத்தான் பாக்குறேன்” என்றார் கௌஸ் முகைதீன்.

“சோறு எப்படி இருக்குமோ பாய்.”

“பையைக் கடையிலயே வச்சுட்டு வான்னு சொன்னேன். கேட்டாத்தானே.”

கௌஸ் முகைதீன் கீழக்கரைக்காரர். இந்தச் சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில்தான் அம்மையப்பனுக்கு வேலை, சாப்பாடு, படுக்கை எல்லாம்.

காலையில் கடை திறந்ததும் அவரிடம் சொல்லிவிட்டான். “என் பேர்ல ஒரு கேஸ் இருக்கு பாய். சரணடையப் போறேன். தண்டனை முடிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்கல்ல?”

அவர் கையிலிருந்த ரொட்டித் தட்டைக் கீழே வைத்தார். என்ன கேஸ் என்றுகூடக் கேட்கவில்லை. “அரபி தெரியாம அங்க போய் என்னத்தப் பேசுவே?” என்று ஷட்டரை இறக்கிவிட்டுக் கூடவே வந்துவிட்டார்.

அம்மையப்பனுக்கு ஜெயில்கூடப் பயமில்லை. இவர் கூட வந்ததுதான் பயம்.

பல வருஷங்களுக்கு முன்பு அவன், விசா கொடுத்த கஃபீலிடம், அதாவது அரபு முதலாளியிடம், தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். லைசென்ஸ் கிடையாது. பனி மூடிய ஒரு விடியற்காலையில், சைக்கிளில் வந்தவர் மேல் வண்டி மோதிவிட்டது. இறங்கி அவரைத் தூக்கி ஓரமாகக் கிடத்தினான். ஆட்கள் ஓடிவருவதைப் பார்த்ததும் தானும் ஓடினான். பாஸ்போர்ட் வாங்கக்கூடக் கேம்புக்குத் திரும்பவில்லை.

அடிபட்டுக் கிடந்தவர் கௌஸ் முகைதீன். அவருக்கு நினைவே இல்லை, தன் முகத்தைப் பார்க்கவும் இல்லை என்பது அம்மையப்பனுக்குத் தெரியும்.

மனசு கேட்காமல், அடிபட்டவர் யாரென்று விசாரித்து, ஒரு நாள் அவர் கடைக்கே போய் வேலை கேட்டான். அவருடைய வலது தோள் அதற்குப் பிறகு சரியாகவே இல்லை. ஆகவே அவர் விடியற்காலை சுபுஹு தொழுது வருவதற்குள், யாரும் பார்க்காத நேரத்தில், அரிசி மூட்டைகளை எல்லாம் இறக்கி அடுக்கிவிடுவான். ஒரு மூட்டையைக்கூட அவரைத் தொட விட்டதில்லை.

விசா இல்லாதவர்கள் ஊர் திரும்ப இரண்டு தரம் பொதுமன்னிப்பு வந்தது. “போயிட்டு வாயேன்பா, புள்ள தேடுமே” என்றார் அவர். “இருக்கேன் பாய்” என்று சொல்லிவிட்டான். கைரேகை வைத்தால் கேஸ் வெளியே வந்துவிடும். கேஸ் வந்தால் இவருக்கும் தெரிந்துவிடும்.

இப்போது அதை அவரே அரபியில் கேட்டு, அவரே தமிழில் சொல்லப் போகிறார்.

“பிஸ்மில்லாஹ்” என்று முணுமுணுத்துக்கொண்டு கௌஸ் முகைதீன் தன் அடையாள அட்டையைக் கவுண்டரில் வைத்தார். அம்மையப்பன் மனப்பாடமாக இருந்த தன் பாஸ்போர்ட் நம்பரைச் சொன்னான். இளவயது அதிகாரி தட்டிப் பார்த்துவிட்டு, “மாஃபி” என்றார்.

“உன்னைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு ஒண்ணும் இல்லையாம்.”

“நல்லாப் பாக்கச் சொல்லுங்க பாய். லாரி கேஸ்.”

அதிகாரி மறுபடி தேடினார். திரையைப் பார்த்து நிதானமாக வாசித்தார். கௌஸ் முகைதீன் தலையைக் குனிந்துகொண்டே தமிழில் சொன்னார்.

“கேஸ் இருந்துச்சாம். லாரி முதலாளி அபராதம் கட்டிட்டாராம். மூணாம் நாளே மூடிட்டாங்களாம். அடிபட்டவரு மன்னிச்சுட்டதா…”

கவுண்டரில் இருந்த தன் அட்டையை எடுக்கக் கை நீட்டினார்.

அதிகாரி திரையையும் கவுண்டரில் கிடந்த அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்தக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?” என்று இந்தியில் கேட்டார். அந்த இந்தி அம்மையப்பனுக்கும் புரிந்தது.

துணிப்பை அவன் கையிலிருந்து நழுவியது.

“என்னைத் தெரியுமா பாய்?”

“ஆஸ்பத்திரியில போலீசு உன் பேரைச் சொன்னாங்க. புள்ளகுட்டிக்காரனா இருப்பான், விட்டுருங்கன்னேன். அப்புறம் நீயே வந்து அதே பேரைச் சொல்லி வேலை கேட்டே. நான் பேச்செடுத்தா நீ கூசிப்போவேன்னு வாயை மூடிக்கிட்டேன்.”

“பொதுமன்னிப்புக்குக்கூட நான் போகலையே. அப்பவாச்சும் ஒரு வார்த்தை…”

“நீ கேஸுக்குப் பயந்து கெடக்கேன்னு இன்னைக்குக் காலையிலதான் எனக்கே தெரியும். நான்தான் மன்னிச்சவன்னு அப்ப என் வாயால சொல்ல முடியலப்பா.”

“இவ்வளவு வருஷமும் நான் ஏன் இங்க இருக்கேன்னு நினைச்சீங்க பாய்?”

கௌஸ் முகைதீன் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்காகத்தான்னு நினைச்சேன், தம்பி.”