மந்திரி வரும் சாலை

"மந்திரிக்கு இந்த சோபா போதுமாங்க? சாய்ஞ்சா கிரீச்சுன்னு சத்தம் போடுது லா!"

பண்டமாரான் கல்யாண மண்டபத்தில் புனிதா அந்தச் சிவப்பு சோபாவை மறுபடியும் துடைத்தாள். மகள் தாமரைக்கு இன்று கல்யாணம். பெண்ணைப் பெற்றவள் பெண்ணின் அலங்காரத்தைப் பார்க்காமல், மந்திரி உட்காரப்போகும் இடத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"அதெல்லாம் போதும்," என்றார் கணவர் கமலநாதன், பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டியபடி.

"மாலை ரெண்டுதான் வந்திருக்கு. பொண்ணுக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு. மந்திரிக்கு?"

"ரெண்டு மாலை போதும். போய் வேலையைப் பாரு."

கருமித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று புனிதா பல்லைக் கடித்தாள். அந்த மந்திரியின் புண்ணியத்தில்தான் இந்தக் கல்யாணமே நடக்கிறது. அவருக்கு ஒரு மாலை வாங்கக் கசக்கிறதா இந்த மனுஷனுக்கு?

நிச்சயதார்த்தத்தன்று பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு பஸ், பண்டமாரானுக்குத் திரும்பும் இடத்தில் நெடுஞ்சாலைக் குழிக்குள் இறங்கிவிட்டது. அதைத் தூக்கி எடுப்பதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா ரமணி இறங்கியதுமே சொல்லிவிட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கும் இப்படி மாட்டி முகூர்த்தம் தப்புச்சுன்னா, சகுனம் சரியில்லன்னு நாங்க அப்படியே திரும்பிடுவோம்."

புனிதா கணவரை இழுத்துக்கொண்டு, சாலைப் பராமரிப்பைப் பார்க்கும் இன்ஜினியர் ராதாகிருஷ்ணனிடம் ஓடினாள். அவர் மேசையில் இரண்டு உத்தரவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"பாருங்கண்ணே. கோர்ட்டு, குழியை உடனே மூடு, இல்லன்னா உள்ள போடுவேன்னு சொல்லுது. சுற்றுச்சூழல் மன்றம், தார் ஒரு சொட்டு பக்கத்துக் கால்வாயில கலந்து மீனு செத்துச்சுன்னா உள்ள போடுவேன்னு சொல்லுது. மூடினாலும் ஜெயில், மூடாட்டியும் ஜெயில். அதனால நான் அந்தப் பக்கமே போறதில்ல."

"எம் பொண்ணு கல்யாணம் நின்னுடும் சார்!" புனிதா அழுதே விட்டாள்.

"முகூர்த்தத்தை வேணும்னா மாத்திப் பாருங்களேன்," என்று ஆறுதல் சொன்னார் அந்த மகானுபாவர்.

சில நாள் கழித்து, கமலநாதன் விசேஷங்களுக்குப் போடும் பாத்தேக் சட்டையை மாட்டிக்கொண்டு தனியாக அதே அலுவலகத்துக்குப் போனார். குழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று திரும்பி வந்து புனிதாவிடம் சொன்னார். கல்யாணத்துக்கு மந்திரி வருகிறார், அவர் காரை எங்கே நிறுத்தலாம் என்று மட்டும்தான் கேட்டாராம்.

"மந்திரியா!" புனிதா துள்ளினாள். "இன்ஜினியர் என்ன சொன்னாரு?"

"எந்த வழியா வர்றாருன்னு கேட்டாரு. அந்த நெடுஞ்சாலை வழியாத்தான்னு சொன்னேன். உடனே ஃபோனை எடுத்துட்டாரு."

மறுநாளே லோரிகள் வரிசை கட்டி வந்து நின்றன. ராதாகிருஷ்ணன் தாரைத் தொடவே இல்லை. கால்வாய் ஓரம் மணல் மூட்டைகளை அடுக்கி, குழியை நிரப்பி, மேலே சிமெண்டுக் கற்களைப் பதித்துவிட்டார். கோர்ட்டு சொன்னபடி குழியும் மூடியாகிவிட்டது, மன்றம் சொன்னபடி மீன்களும் பிழைத்தன. இந்த யோசனை இத்தனை மாதமாக எங்கே போயிருந்தது என்று அவரைக் கேட்பார் இல்லை.

இன்று மாப்பிள்ளை வீட்டு பஸ் நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றது. "ரோடு சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது லா சம்பந்தி!" என்று ரமணி வாயெல்லாம் பல்லாக இறங்கினாள். முகூர்த்த நேரத்தில் தாமரை கழுத்தில் தாலி ஏறியது, புனிதா மனம் நிறைந்து அழுதாள்.

சிவப்பு சோபா மட்டும் காலியாகவே கிடந்தது.

வாசலில் ராதாகிருஷ்ணன் கோட்டும் பூச்செண்டுமாக, வருகிற ஒவ்வொரு காரையும் எட்டி எட்டிப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கமலநாதனே போய், "சாப்பாடு ஆறிடும், வாங்க சார்," என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார். பூச்செண்டு வீணாக வேண்டாம் என்று அதை மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டு, ராதாகிருஷ்ணன் பந்தியில் உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்தது. புனிதாவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"பண்டமாரான் பூரா சொல்லி வச்சிருந்தேன், மானமே போச்சு. பெரிய மனுசன் செய்யுற வேலையா இது? வரேன்னு சொல்லிட்டு இப்படியா வராம இருப்பாரு?"

கமலநாதன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மந்திரியின் சோபாவில் உட்கார்ந்தார். கிரீச்சென்று சத்தம் வரும்படி நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டினார்.

"கூப்பிட்டிருந்தாத்தானே லா வருவாரு!"