தகவல் பெற உரியவர்

மருத்துவமனை வரவேற்பு மேசையின் கண்ணாடியில் மதிய வெயில் பட்டுக் கண் கூசுகிறது. அம்மாவின் மாற்றுத்துணிப் பையைத் தோளில் மாட்டியபடி அக்கா நிற்கிறாள். ஆறு வருடமாக அம்மாவைக் குளிப்பாட்டி, வேளைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். "ஸ்கேன்ல என்னம்மா வந்திருக்கு?" என்று வரவேற்பாளரிடம் மூன்றாம் முறையாகக் கேட்கிறாள். அவர் குரலைத் தணித்துக்கொள்கிறார். "கோவிச்சுக்காதீங்க. தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு. நோயாளி படிவத்துல யார் பேரை எழுதிக் கொடுத்தாங்களோ அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லலாம். உங்கம்மா உங்க தங்கச்சி பேரை மட்டும்தான் எழுதியிருக்காங்க." தங்கை வருடத்துக்கு ஒருமுறை வருபவள், நேற்று கொண்டுவந்த பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எதிர் அறைக் கதவின் கண்ணாடி வழியாக அவள் தெரிகிறாள். டாக்டர் ஏதோ சொல்கிறார். அவள் வாயைப் பொத்திக்கொள்கிறாள், தோள் குலுங்குகிறது. அந்த அழுகைகூடத் தனக்கு வர வேண்டியது என்று அக்காவுக்குத் தோன்றுகிறது. கதவு திறக்கிறது. "அக்கா..." என்று கையை நீட்டிக்கொண்டு வருகிறாள் தங்கை. அக்காவின் விரல்கள் பையின் வாரை விடவில்லை. அம்மாவுக்கு என்ன என்று கேட்கத்தான் வாயைத் திறக்கிறாள். "அந்தப் படிவத்துல ஒரு பேருக்குத்தான் இடமா?" என்று கேட்டுவிடுகிறாள். தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே, யோசிக்காமல் சொல்கிறாள்: "இல்லக்கா, மூணு பேரு எழுதலாம்."