நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஆள் வருவார்

“மூணு நாளா நெட் இல்லம்மா! இன்னைக்கு கிரிக்கெட் ஃபைனல். ஊரே மேட்ச் பாக்குது, எங்க டிவியில வெறும் வட்டம்தான் சுத்திக்கிட்டு கெடக்கு!”

அவர் போட்ட சத்தத்தில் பிரகதீஸ்வரி பயந்துதான் போனாள். குரலில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

“சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்க சார். மோடத்தை ஆஃப் பண்ணிட்டு, முப்பது செகண்ட் கழிச்சு ஆன் பண்ணுங்க.”

“பத்து தடவை பண்ணியாச்சு!”

“அப்படின்னா லைன்ல ஃபால்ட் இருக்கும் சார். கம்ப்ளைன்ட் பதிஞ்சுட்டேன். நாப்பத்தெட்டு மணி நேரத்துல ஆள் வருவாரு.”

“அதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிருமே!”

“உங்க வருத்தம் புரியுதுங்க சார். வேற ஏதாவது உதவி வேணுங்களா?”

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கல்லூரி செமினார் ஹாலில், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த, வேலைக்கு ஆள் எடுக்க வந்த இன்டர்நெட் கம்பெனி மேனேஜர், அவளுடைய ஃபைலில் டிக் போட்டார்.

“போதும்மா, நீ செலக்டட்! காலையிலேருந்து இதே மாதிரி முப்பது பேர்கிட்ட கத்திட்டேன். யாரும் இவ்வளவு கரெக்டா பேசல. எங்க ட்ரெயினிங் எடுத்தே?”

பிரகதீஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

“ட்ரெயினிங்லாம் இல்லைங்க சார். அரிமளத்துல எங்க வீட்டுக்கும் ஒங்க கம்பெனி நெட்டுதான். படம் பாதியில நிக்கிறப்பெல்லாம் போன் பண்ணுவேன். மூணு வருஷமா இதே பதிலைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்.”